5-ன் மேல் இருந்த புள்ளி: செல்போன் அதிர்வின் கதை

ஜவ்வாது மலை என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது காவலூர் தொலைநோக்கி. அதற்கு அடுத்தது தேன். இந்தக் கட்டுரை தேனில் ஆரம்பித்து, செல்போன் வழியாக ரூபாய் நோட்டுக்குப் போகிறது. என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மரப்பொந்துக்குள் கூடு கட்டும் தேனீக்கு உள்ளே வெளிச்சம் கிடையாது. நல்ல பூ இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்த தேனீ கூட்டுக்குத் திரும்பி, அடையின் மேல் வயிற்றை ஆட்டிக்கொண்டு நேராகக் கொஞ்ச தூரம் ஓடும். வளைந்து வந்து மறுபடி அதே ஓட்டம். ஓடுகிற கோணம் திசையைச் சொல்கிறது. எவ்வளவு நேரம் ஆட்டியது என்பது தூரத்தைச் சொல்கிறது. இதைக் கண்டுபிடித்து விளக்கிய கார்ல் ஃபான் ஃபிரிஷுக்கு 1973-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டாவர் 1950களில் இலங்கைக்கே வந்து நம் பக்கத்துத் தேனீ இனங்களை ஆராய்ந்தார். எல்லா இனத்துக்கும் நடனம் ஒன்றுதான், ஆனால் ஒரே அளவு ஆட்டத்துக்கு ஒவ்வொரு இனமும் வேறு வேறு தூரம் வைத்திருக்கிறது என்று அவர் கண்டார். மதுரைத் தமிழும் நெல்லைத் தமிழும் மாதிரி வைத்துக்கொள்ளலாம்.

இருட்டில் மற்ற தேனீக்கள் இந்த நடனத்தை எப்படிப் 'பார்க்கும்'? பார்ப்பதில்லை, தொட்டுத்தான் தெரிந்துகொள்கின்றன. ஆடும் தேனீயின் உடம்பு விநாடிக்கு 200-லிருந்து 300 முறை வரை அதிர்கிறது. பக்கத்தில் நிற்பவை உணர்கொம்பாலும் அடையில் பரவும் அதிர்வாலும் சேதியை வாங்கிக்கொள்கின்றன.

இப்போது சட்டைப் பையில் இருக்கும் செல்போனை எடுத்துக்கொள்ளுங்கள். அது அதிர்வதும் ஏறக்குறைய இதே வேகத்தில்தான். ஒரு பூச்சி அந்த அதிர்வில் திசை, தூரம் இரண்டையும் சொல்லிவிடுகிறது. செல்போனோ ஏறத்தாழ இருபது வருடம் அதே அதிர்வை வைத்துக்கொண்டு சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "யாரோ கூப்பிடுகிறார்கள்."

ஏன் அப்படி? காரணம், அதிர்வு போனுக்குள் நுழைந்ததே மணிக்குப் பதிலாகத்தான்.

முதலில் அது பேஜரில் வந்தது. மீட்டிங்கில், ஆஸ்பத்திரியில், தியேட்டரில் கீச்சென்று கத்தக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. 1996-ல் வந்த மோட்டரோலா ஸ்டார்டேக் அதிர்வு வசதியோடு வந்த ஆரம்பகால செல்போன்களில் ஒன்று. இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று ஜோதி பாசுவுக்கும் சுக்ராமுக்கும் இடையே நடந்தது. அதற்குப் பிறகு சில வருடங்கள் நம் ஊரில் செல்போன் என்றாலே பெருமையாக உரக்க ஒலிக்க வேண்டிய பொருள்தான். அதை யார் அமைதியாக்கப் போகிறார்கள்! 1998-ல் வந்த நோக்கியா 5110-ல் அதிர்வு கிடையாது. வேண்டுமென்றால் அதிரும் பேட்டரி என்று தனியாக ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். அதிர்வு ஒரு காலத்தில் தனி விலை போட்டு விற்கப்பட்ட சரக்கு என்பது இன்றைக்கு வேடிக்கையாக இருக்கிறது.

உள்ளே இருந்தது மிக எளிய சமாச்சாரம். வேர்க்கடலைப் பருப்பு அளவுக்கு ஒரு மோட்டார். அதன் அச்சின் நுனியில் அரைவட்டமாக ஒரு எடை. துணியெல்லாம் ஒரு பக்கமாகச் சேர்ந்துகொண்டால் வாஷிங் மெஷின் எப்படி ஆடுகிறதோ, அதேதான். விலை குறைவு, சீக்கிரம் கெடாது. குறை என்னவென்றால், மோட்டார் சுற்றி வேகம் பிடிக்கவும் நேரம் எடுக்கும், நிற்கவும் நேரம் எடுக்கும். வேகத்தைக் குறைத்தால் பலமும் சேர்ந்து குறையும். அதனால் 'டக்' என்று ஒரு சின்னத் தட்டு தட்டச் சொன்னால் அதற்கு வராது. அதற்குத் தெரிந்தது 'ட்ர்ர்ர்ர்' ஒன்றுதான். மணிக்குப் பதிலாக அது போதும், பேச்சுக்கு அது போதாது.

இத்தனைக்கும் தோலால் ஒரு மொழியையே படிக்க முடியும் என்பது செல்போன் பிறப்பதற்கு வெகுநாள் முன்பே தெரிந்த விஷயம்.

மனிதத் தோலுக்கு அடியில், வெங்காயம் போல அடுக்கடுக்காகத் தோல் போர்த்திய சின்னஞ்சிறு நரம்பு முனைகள் இருக்கின்றன. 1830களில் பிலிப்போ பாச்சினி என்ற இத்தாலிய மருத்துவ மாணவர் பிணப் பரிசோதனையின்போது இவற்றைக் கவனித்தார். விநாடிக்கு 250-ஐ ஒட்டிய அதிர்வுதான் இவற்றுக்கு மிகவும் நன்றாகப் புரிகிறது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அசைவைக்கூட இவை கண்டுபிடித்துவிடும். செல்போன் மோட்டார்கள் விநாடிக்கு 150 முதல் 250 வரை அதிரும்படி செய்யப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1957-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த ஃபிராங்க் கெல்டார்ட் ஒரு கட்டுரை வெளியிட்டார். மார்பில் ஐந்து இடங்களில் அதிர்வுக் கருவிகளைப் பொருத்தினார். மூன்று விதமான பலம், மூன்று விதமான நீளம். ஐந்தை மூன்றாலும் மறுபடி மூன்றாலும் பெருக்கினால் 45 குறியீடுகள். ஆங்கில எழுத்துகள், எண்கள், சில சின்னச் சின்ன சொற்கள் எல்லாவற்றுக்கும் அது தாராளமாகப் போதும். பயிற்சி எடுத்தவர்களில் ஒருவர் நிமிடத்துக்கு 38 சொற்கள் வரை மார்பாலேயே படித்தார். நிமிடத்துக்கு 38 சொற்கள்! டைப்ரைட்டிங் லோயர் பரீட்சைக்குப் போனவர்களுக்கு அந்த வேகத்தின் அருமை தெரியும்.

கெல்டார்டின் கணக்கில் எச்சரிக்கையும் ஒன்று இருக்கிறது. பலத்தில் ஏன் மூன்றே மூன்று? சோதித்துப் பார்த்ததில், தனியாக ஒரு அதிர்வைக் கொடுத்து "இது எத்தனையாவது பலம்?" என்று கேட்டால், மூன்று படிக்கு மேல் மனிதர்கள் குழம்பிப் போனார்கள். இரண்டை அடுத்தடுத்துக் கொடுத்தால் எது பலமானது என்று சொல்லிவிடலாம். தனியாக வந்தால் முடியாது. இன்றைக்கு ஒரு ஆப்பில் பத்து வகை அதிர்வு வைக்கலாம் என்று கிளம்புகிற எந்தப் பொறியாளரும் முதலில் முட்டிக்கொள்வது இந்தச் சுவரில்தான்.

இந்த மொழி ஏன் பரவவில்லை? கண்ணும் காதும் இருப்பவர்களுக்கு அது தேவைப்படவில்லை. தேவைப்பட்டவர்கள் கையில் அதிகாரமும் பணமும் இல்லை. விதிவிலக்காக ஒரு கதை உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மின்பொறியியல் பேராசிரியர் ஜான் லின்வில்லுக்குப் பார்வையற்ற மகள் இருந்தார். அப்பா மகளுக்காக ஆப்டகான் என்ற கருவியை உருவாக்கினார். ஒரு கையில் சின்ன கேமராவை அச்சிட்ட காகிதத்தின் மேல் நகர்த்த வேண்டும். இன்னொரு கையின் ஆள்காட்டி விரலுக்கு அடியில் 144 ஊசிகள் அந்த எழுத்தின் வடிவத்திலேயே அதிரும். பிரெய்லில் அச்சிடாத எந்தப் புத்தகத்தையும், வந்த கடிதத்தையும், இன்னொருவர் உதவி இல்லாமல் படிக்கலாம். 1970களின் ஆரம்பத்தில் விற்பனைக்கு வந்தது. 1996-ல் தயாரிப்பு நின்றுபோனது. அதாவது விரலால் படிக்க வைத்த அதிர்வு மறைந்த அதே வருடத்தில்தான் மணிக்குப் பதிலான அதிர்வோடு ஸ்டார்டேக் வந்தது. தற்செயல்தான், ஆனாலும் உறுத்துகிறது.

இதற்கு நடுவே அதிர்வில் காசு இருக்கிறது என்று கண்டுபிடித்தவர்களும் உண்டு. 1993-ல் அமெரிக்காவில் தொடங்கிய இம்மர்ஷன் என்ற நிறுவனம் தொடுவுணர்வு சம்பந்தமாகக் காப்புரிமைகளைக் குவித்தது. வீடியோ கேம் கைப்பிடி அதிர்வதற்காக சோனி மீதும் மைக்ரோசாஃப்ட் மீதும் 2002-ல் வழக்குப் போட்டது. மைக்ரோசாஃப்ட் அடுத்த வருடமே சமாதானமாகப் போய்விட்டது. சோனி எதிர்த்து நின்றது. 2004-ல் ஜூரி சொன்ன நஷ்டஈடு 82 மில்லியன் டாலர். 2006-ல் பிளேஸ்டேஷன் 3 வந்தபோது அதன் கைப்பிடி அதிரவே இல்லை! 2007-ல் சமரசம் ஆன பிறகுதான் அதிர்வு திரும்பி வந்தது. வேர்க்கடலை அளவு மோட்டாரின் அடக்க விலை எவ்வளவு, அதன் மேல் ஏறிய காப்புரிமையின் விலை எவ்வளவு என்று காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி இது. செல்போனில் அதிர்வை வெறும் ஆன்-ஆஃப் ஆக இல்லாமல் ஏற்ற இறக்கத்தோடு வாசிக்கும் மென்பொருளை 2005-ல் ஒரு சாம்சங் போனில் முதலில் கொண்டுவந்ததும் இதே இம்மர்ஷன்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வழக்குப் போடுவதை மட்டுமே தொழிலாக வைத்திருந்தவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது.

சரி, தலைப்புக்கு வருவோம்.

பழைய பட்டன் போன் கிடைத்தால் 5-ன் மேல் விரலை வைத்துப் பாருங்கள். ஒரு சின்னப் புள்ளியோ கோடோ மேடாக இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் மேலே 2, கீழே 8, இடது பக்கம் 4, வலது பக்கம் 6. மொத்த விசைப்பலகையும் கைக்குள் வந்துவிடும், கண் தேவையில்லை. தமிழ்நாட்டில் எஸ்.டி.டி. பூத்கள் தெருவுக்குத் தெரு இருந்த காலத்தில் அவற்றில் ஏராளமானவை உடல் ஊனமுற்றவர்களுக்கும் பார்வையற்றவர்களுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. பார்வையில்லாத ஒருவர் மற்றவர்கள் சொல்லும் பத்து இலக்க எண்ணைக் கடகடவென்று போட்டுத் தருவதைப் பார்த்தவர்கள் இன்னும் நிறையப் பேர் இருப்பார்கள். அந்தத் தொழிலில் அவருக்கு இருந்த மூலதனம் ஒரு மேஜை, ஒரு தொலைபேசி, 5-ன் மேல் ஒரு புள்ளி.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது. அங்கிருந்து கோடிக்கணக்கில் வெளியே போனவை பெரும்பாலும் பட்டன் போன்கள். அதற்கு அடுத்த வருடம் ஐபோன் வந்தது. பட்டன் எல்லாம் கண்ணாடிக்குள் போய்விட்டது, 5-ன் மேல் இருந்த புள்ளியும் கூடவே போய்விட்டது. நோக்கியா ஆலையே 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. (வரி வழக்கில் சொத்து முடங்கியிருந்ததால் மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் போன் தொழிலை வாங்கியபோது அந்த ஆலை மட்டும் வெளியே நின்றது. அது வேறொரு சோகக் கதை.)

வழவழப்பான கண்ணாடியில் 5 எங்கே இருக்கிறது? பார்வை உள்ளவர்களுக்கு இது கேள்வியே இல்லை. இல்லாதவர்களுக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை. எஸ்.டி.டி. பூத்தைச் செல்போன் ஏற்கனவே சாப்பிட்டுவிட்டது, இப்போது அந்தச் செல்போனையும் தொட்டுப் புரிந்துகொள்ள முடியாது என்றால்?

இந்தக் கேள்விக்கு அழகான பதில் சொன்னவர் புனேயில் வளர்ந்த டி.வி. ராமன். பதினான்கு வயதில் பார்வை போனது. மும்பை ஐ.ஐ.டி.யில் படித்து, 1994-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். கணிதச் சமன்பாடுகளைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் மென்பொருள்தான் அவருடைய ஆய்வு. பிறகு கூகுளில் சேர்ந்தார். ஆண்ட்ராய்டு போன்கள் வரத் தொடங்கிய காலத்தில், சார்லஸ் சென் என்ற சக பொறியாளரோடு சேர்ந்து கண் தேவைப்படாத ஒரு டயலரை உருவாக்கினார்.

அதன் யோசனை இவ்வளவுதான்: விரல் 5-ஐத் தேடிப் போக வேண்டாம். விரல் முதலில் எங்கே படுகிறதோ அதுதான் 5. அங்கிருந்து இடது மேல் பக்கம் நகர்த்தினால் 1, நேர் மேலே போனால் 2, வலது கீழ்ப் பக்கம் போனால் 9. விரல் ஒரு எண்ணில் இருந்து அடுத்ததற்கு நகரும்போது போன் லேசாக அதிர்ந்து காட்டும், கூடவே எண்ணைக் குரலிலும் சொல்லும். விரலை எடுத்தால் எண் பதிவாகிவிடும். தப்பாகிவிட்டால் போனை ஒரு குலுக்குக் குலுக்கினால் கடைசி எண் அழிந்துவிடும்.

யோசித்துப் பாருங்கள். கண்ணாடியில் புள்ளி வைக்க முடியாது. அதனால் புள்ளி விரலோடு சேர்ந்தே வருகிறது! கண்ணாடி விழுங்கிய புள்ளியை அதிர்வின் வழியாகத் திருப்பி வாங்கிய முதல் முயற்சிகளில் இது ஒன்று. இங்கே அதிர்வு மணியின் வேலையைச் செய்யவில்லை, "ஒரு கோட்டைத் தாண்டிவிட்டாய்" என்கிறது. அதே 2009-ல் ஆண்ட்ராய்டில் டாக்பேக்கும் ஐபோனில் வாய்ஸ்ஓவரும் வந்து, திரையில் என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தன.

இத்தனையையும் ராமன் அன்றைய ஆண்ட்ராய்டில் இருந்த மிக எளிய கட்டளையை வைத்துத்தான் செய்தார். அந்தக் கட்டளையிடம் சொல்ல முடிந்தது, இத்தனை மில்லி விநாடி அதிர், இத்தனை மில்லி விநாடி சும்மா இரு என்பது மட்டும். பலத்தைக் கூட்டிக் குறைக்க வழி 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8-ல்தான் திறந்தது. 1-லிருந்து 255 வரை படிகள். (கெல்டார்டு இதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.)

ஆப்பிள் வேறு பாதையில் போனது. அரைவட்ட எடையைச் சுற்றும் மோட்டாரை விட்டுவிட்டு, சுருள்வில்லில் தொங்கும் எடையைக் காந்தத்தால் முன்னும் பின்னும் உதைக்கும் அமைப்புக்கு மாறியது. இது சட்டென்று கிளம்பும், சட்டென்று நிற்கும். 'டக்' என்று ஒரு தட்டு இதற்கு வரும். 2016-ல் வந்த ஐபோன் 7-ன் ஹோம் பட்டன் உண்மையில் அமுங்கவே அமுங்காது. விரலுக்கு அடியில் ஒரு தட்டுத் தட்டி, அமுங்கியது போல விரலை நம்ப வைக்கும். போனை அணைத்துவிட்டு அழுத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும், வெறும் கண்ணாடி. அதே வருடம் ஆப் எழுதுபவர்களுக்கு ஆப்பிள் சில தயார் அதிர்வுகளைக் கொடுத்தது. அதில் கவனிக்க வேண்டியது, 'இத்தனை மில்லி விநாடி' என்ற பேச்சே இல்லை. வெற்றி, எச்சரிக்கை, பிழை என்று பொருளைத்தான் கேட்டது. எப்படி அதிர்வது என்பதைப் போனே பார்த்துக்கொள்ளும். அதிர்வை மணியாக நினைப்பதில் இருந்து சொல்லாக நினைப்பதற்கு மாறிய இடம் இது என்று சொல்லலாம்.

அப்படியானால் நல்ல சொல் எது? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் பிரூஸ்டரும் லோர்னா பிரவுனும் 2004-லிருந்து இதைத்தான் ஆராய்ந்தார்கள். அதிர்வின் சொரசொரப்பு, தாளம் போன்றவற்றை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்ததில் ஆட்களுக்குத் தாளம்தான் எளிதாகப் பிடிபட்டது. நமக்கு இதில் ஆச்சரியம் இல்லை. மேளச் சத்தம் தூரத்தில் கேட்கும்போதே கல்யாணமா சாவா என்று தாளத்தை வைத்துச் சொல்லிவிடுகிற ஊர் இது.

தாளம் எளிதில் பிடிபடுவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது, அது காசு சம்பந்தப்பட்டது. மலிவான போன்களில் இன்னும் பழைய மோட்டார்தான். எழுபதாயிரம் ரூபாய் போனில் நுணுக்கமாகச் செதுக்கிய மூன்று வித அதிர்வுகளும் ஏழாயிரம் ரூபாய் போனில் ஒரே 'ட்ர்ர்ர்' ஆகிவிடும். ஆண்ட்ராய்டில் இதற்கென்றே ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள்: இந்தப் போனால் அதிர்வின் பலத்தை மாற்ற முடியுமா? ஆப் கேட்கும், போன் ஆம் அல்லது இல்லை என்று சொல்லும். இல்லை என்று பதில் வரும் போனிலும் தாளம் மட்டும் பிழைத்துக்கொள்ளும். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு என்பது எந்த மோட்டாருக்கும் வரும், கொஞ்சம் நிதானமாக வாசித்தால். ஆக, யாருடைய கையில் எந்தப் போன் இருக்கும் என்று முதலில் கேட்காமல் அதிர்வை வடிவமைப்பவர், பணக்காரர்களுக்கு மட்டுமே கேட்கும் மொழியை எழுதுகிறார்.

இந்த இடத்தில்தான் ரூபாய் நோட்டு வருகிறது.

2016 நவம்பருக்கு முன்பு இருந்த 50, 100, 500, 1000 ரூபாய் நோட்டுகளின் நீளம் முறையே 147, 157, 167, 177 மில்லிமீட்டர். ஒவ்வொன்றுக்கும் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம். பார்வையற்றவர்கள் நோட்டை மடித்து விரலில் அளந்து கண்டுபிடித்துவிடுவார்கள். பண மதிப்பிழப்புக்குப் பிறகு வந்த வரிசையில் 100 ரூபாய் 142, 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150 மில்லிமீட்டர். வித்தியாசம் வெறும் நான்கு மில்லிமீட்டர். விரல் அளவில் இருநூறும் ஐந்நூறும் கிட்டத்தட்ட ஒன்று. நோட்டின் ஓரத்தில் மேடான கோடுகளும் வடிவங்களும் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் பல கை மாறி வியர்வையில் நனைந்த நோட்டில் அந்த மேடு எவ்வளவு நாள் நிற்கும்? 5-ன் மேல் இருந்த புள்ளி இன்னொரு தடவை தேய்ந்து போனது மாதிரிதான்.

பார்வையற்றோர் அமைப்புகள் இதை நீதிமன்றம் வரை கொண்டுபோயின. 2020 ஜனவரி 1 அன்று ரிசர்வ் வங்கி ஒரு ஆப் வெளியிட்டது. நோட்டை கேமரா முன்னால் காட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்லும். முன்பக்கமோ பின்பக்கமோ, பாதியாக மடித்திருந்தாலோகூடப் பரவாயில்லை. ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும், பிறகு இன்டர்நெட் தேவையில்லை. கள்ள நோட்டா என்று மட்டும் சொல்லாது. அதன் பெயர், ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால், மணி! மணிக்குப் பதிலாக வந்த அதிர்வின் கதையில் இப்படி ஒரு பெயர் வந்து சேர்ந்ததை யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள்.

வெளிவந்தபோது மணி பேசியது இந்தி, ஆங்கிலம் இரண்டில்தான். கூடவே அதிர்வாலும் பதில் சொன்னது. பார்வையோடு கேட்கும் திறனும் இல்லாதவர்களுக்காக என்று ரிசர்வ் வங்கி சொன்னது. ஆனால் அந்த அதிர்வு இன்னொரு கூட்டத்துக்கும் பதில் சொல்லியது.

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் சாமையோ தேனோ விற்கிற, பார்வையில்லாத ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். அவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். மலை மடிப்புகளில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும், அதனால் இன்டர்நெட் கேட்காத ஆப் என்பது அவருக்கு முதல் வரம். ஆனால் 'தோ சௌ ருப்பயே' என்று குரல் வந்தால் அவர் என்ன செய்வார்? புரிந்தாலும்கூட, கடைத்தெருவில் பத்துப் பேர் நிற்கும்போது கையில் இருக்கும் பணத்தைப் போன் சத்தம் போட்டுச் சொல்வதை யார் விரும்புவார்கள்? அதிர்வுக்கு இந்தியும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அது போனைப் பிடித்திருக்கும் கையோடு மட்டும் பேசும். அவர் கையில் இருப்பது ஏழாயிரம் ரூபாய் போனாக இருந்தாலும், தாளம் தெளிவாக இருந்தால் போதும். ஐந்நூறை இருநூறு என்று நினைத்துக் கொடுத்துவிட்டால் போவது முந்நூறு ரூபாய். ஒரு பகல் நேர உழைப்பு.

இதே காலத்தில் கடைகளில் எல்லாம் யு.பி.ஐ. பணம் வந்தால் சத்தமாக அறிவிக்கும் ஒலிப்பெட்டிகள் நிறைந்துவிட்டன. வியாபாரிக்கு அது வசதி, மறுப்பதற்கில்லை. ஆனால் அது மறுபடி மணிக்கே திரும்பிப் போன மாதிரிதான், தெருவுக்கே கேட்கிற மணி.

கண்ணாடியில் மேடு பள்ளத்தையே கொண்டுவந்துவிட்டால் என்ன என்று யோசித்தவர்கள் சென்னையிலேயே இருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் எம். மணிவண்ணன் தொடுவுணர்வுக்கென்றே ஒரு ஆய்வகம் நடத்தினார். 2022-ல் அவருடைய குழுவும் அங்கேயே உருவான மெர்கல் ஹாப்டிக் சிஸ்டம்ஸ் நிறுவனமும் சேர்ந்து ஐடேட் என்ற தொடுதிரையை அறிவித்தார்கள். அதில் மோட்டார் இல்லை, அசையும் பாகம் எதுவுமே இல்லை. திரையின் மேற்பரப்பில் மின்புலத்தை மாற்றினால் விரல் அந்த இடத்தில் கொஞ்சம் ஒட்டியது போல உணரும், அடுத்த இடத்தில் வழுக்கும். உராய்வைக் கூட்டிக் குறைத்து விளிம்பு, சொரசொரப்பு எல்லாம் இருப்பதாக விரலை நம்ப வைக்கிறார்கள். துணிக்கடை ஆப்பில் துணியைத் தடவிப் பார்க்கலாம் என்பதுதான் செய்திகளில் பெரிதாக வந்தது. வியாபாரத்துக்கு அது சரி. 5-ன் மேல் புள்ளி வைக்கலாம் என்பது அவ்வளவாக வரவில்லை.

அந்தப் புள்ளியிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. உராய்வு என்பதால் விரல் நகர்ந்தால்தான் தெரியும். ஒரே இடத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தால் வெறும் கண்ணாடிதான். ராமனின் டயலரில் விரல் நகர்ந்தது போல, பொந்துக்குள் தேனீ ஓடிக் காட்டுவது போல, இங்கேயும் விரல் ஓட வேண்டும்.